எல்லாத்தையும் ஒரே படகில ஏத்தாதீங்கோ

"தீவுக்கு ஃபைபர் வந்திட்டா எல்லாம் சரி" என்று சொல்லுகிறவர்களோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. வேகமான இணைப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சகலதையும் ஒரே வழியால் அனுப்புவதுதான் முன்னேற்றம் என்ற நினைப்போடுதான் சண்டை.

ஒரு கம்பியிலோ அலைவரிசையிலோ ஒரே ஒரு உரையாடல் மட்டும் போனால் அது தனித்தடம். அதே கம்பியை நேரமாகவோ அதிர்வெண்ணாகவோ ஒளியின் நிறமாகவோ கூறுபோட்டுப் பலருக்குக் கொடுத்தால் அது மல்டிபிளெக்சிங். பழைய ஈ1 தொலைபேசி இணைப்பில் 32 நேரத்துண்டுகள். அதில் 30 பேர் கதைக்கலாம். உங்களுக்கு ஒரு துண்டு கிடைத்தால், கதைத்து முடியும்வரை அது உங்கட துண்டு.

இண்டைய இணையம் அப்படியில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்கமாட்டினம் என்று பந்தயம் கட்டி, இருக்கிற கொள்ளளவைக் கனபேருக்குப் பங்கிடுகிறார்கள். சாதாரண நாளில் பந்தயம் வெல்லும். புயல் வாற இரவில் எல்லாரும் ஒரே நேரத்திலதான் போனைக் கையில எடுப்பினம். இணைப்பு கட்டாயம் வேண்டிய நாளில்தான் பந்தயம் தோற்கும்.

"அவசர அழைப்புக்கு முன்னுரிமை குடுக்கலாம்தானே?" குடுக்கலாம். ஆனால் முன்னுரிமை எண்டால் வரிசையில முன்னுக்கு நிக்கிறது. பாதையே அறுந்தால் முன்னுக்கு நிண்டென்ன, பின்னுக்கு நிண்டென்ன? 2022 ஜனவரி 15இல் எரிமலை வெடித்தபோது தொங்கா நாட்டை உலகத்தோடு இணைத்த ஒரேயொரு கடலடிக் கேபிள் அறுந்தது. திருத்த ஐந்து வாரங்களுக்கு மேல் எடுத்தது. அதுவரை கைகொடுத்தவை செய்மதி இணைப்புகள்.

இதைத் தீவுக்காரருக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஊர்காவற்றுறைக்காரர் பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாணம் போய்விடலாம். நெடுந்தீவுக்காரர் முதலில் குறிகட்டுவானுக்குப் படகேற வேண்டும். சனம், அரிசி மூட்டை, சிமெந்து, மோட்டார் சைக்கிள் எல்லாம் ஒரே படகில் போகும். அதுவும் ஒருவித மல்டிபிளெக்சிங்தான், சிக்கனமும்தான். ஆனால் பிரசவ வலியில் துடிக்கிற பெண்ணை அடுத்த படகு வரும்வரை இருத்திவைக்க யாராவது சம்மதிப்பினமோ? அதுக்குத்தான் நோயாளர் படகு தனியாக வேணும் எண்டுறம். செய்தி விசயத்தில் மட்டும் ஏன் வேறு கணக்கு?

கடலில் இந்தக் கணக்கு எப்பவோ முடிந்த விசயம். வி.எச்.எஃப். ரேடியோவின் 16ஆம் அலைவரிசை, 156.8 மெகாஹெர்ட்ஸ். ஒருவர் கதைக்க மற்றவர்கள் கேட்கத்தான் முடியும். கைக்கருவி சில கடல்மைல்தான் எட்டும். அதில் பாடம் படிக்கவோ படம் அனுப்பவோ ஏலாது. ஆனாலும் உலகம் முழுக்க அதை அபாயக் குரலுக்காக ஒதுக்கிக் காக்கிறார்கள். கூப்பிட்ட ஆள் பதில் சொன்னதும், மிச்சக் கதையை வேறு அலைவரிசைக்குப் போய்க் கதைக்க வேண்டும்.

"சும்மா கிடக்கிற தடம் வீண்செலவு" என்பதுதான் அடுத்த வாதம். படகில் தாற உயிர்காப்பு அங்கியும் சும்மாதானே கிடக்குது? அதைக் கழற்றிப்போட்டால் இன்னும் இரண்டு மூட்டை ஏற்றலாம் எண்டு யாரும் சொல்லுறேல்லை.

ஃபைபர் வரட்டும், டவர் வரட்டும். படிப்புக்கும் வங்கிக்கும் வெளிநாட்டுப் பிள்ளைகளோட கதைக்கவும் மல்டிபிளெக்சிங்தான் சரி. ஆனால் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகிய தீவுகளின் ஆஸ்பத்திரிகளுக்கும் இறங்குதுறைகளுக்கும் தனி ரேடியோத் தடம் வேண்டும்; இருக்கிற இடத்தில் அது வேலை செய்கிறதா என்று மாதாமாதம் சோதிக்க வேண்டும். அதற்கென்று தனி பற்றரி, தனி சோலரும் வேண்டும். டவருக்கும் ரேடியோவுக்கும் ஒரே டீசல் மின்பிறப்பாக்கி எண்டால், பேருக்குத்தான் அது இரண்டு வழி.

இது பொறியியல் பீடத்து விசயம், கலைப்பீடத்துக்கு என்ன வேலை எண்டு கேக்காதீங்கோ. எந்தக் குரல் காத்திருக்கலாம், எது காத்திருக்க ஏலாது என்பதை பொறியியல் மட்டும் தீர்மானிக்க முடியாது. அடுத்தமுறை உங்கட தீவுக்கு இணைப்புத் திட்டம் எண்டு யாரும் கூட்டம் வைச்சால், வேகம் எத்தனை எம்.பி. எண்டு கேக்க முதல் இதைக் கேளுங்கோ: இந்தக் கம்பி அறுந்தால், அண்டிரவு ஆஸ்பத்திரி எதால கதைக்கும்?