அப்போ அந்த 361 புள்ளியும் பொய்யா சார்?

போன மாசம் வார்டுல ஒரு அம்மா என்கிட்ட கேட்ட கேள்வி இது. ரவுண்ட்ஸ் அவசரத்துல "அப்புறம் பேசலாம்மா"ன்னு நகர்ந்துட்டேன். அந்தக் கடனை இங்கே தீர்க்கிறேன். த்ரெட் கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

முதல்ல நடந்ததைச் சொல்லிடறேன். 19 வயசுப் பையன், காலேஜ் ரெண்டாம் வருஷம். டைப் 1 சர்க்கரை நோய், 11 வயசுல இருந்து இன்சுலின். ராத்திரி ஒன்றரை மணிக்கு கேஷுவாலிட்டிக்குத் தூக்கிட்டு வந்தாங்க. வேகமான, ஆழமான மூச்சு. வாயில பழ வாடை. கூப்பிட்டா கண்ணைத் திறந்து மறுபடி சொருகிடறான். குளுக்கோமீட்டர்ல நம்பரே வரல, 'ஹை'ன்னு மட்டும் காட்டுச்சு. டயபடிக் கீட்டோஅசிடோசிஸ். நாலு நாளா இன்சுலின் போடல.

நிறுத்தச் சொன்னது ஒரு அக்கு ஹீலர். அம்மாவும் அவர்கிட்டயே கோர்ஸ் படிச்சவங்க. மூணாம் நாள் பையன் வாந்தி எடுத்தப்போ "கழிவு வெளியேறுது, நல்ல அறிகுறி"ன்னு சொல்லியிருக்கார். அது கழிவு இல்ல. இன்சுலின் இல்லாத உடம்பு சர்க்கரையைப் பயன்படுத்த முடியாம கொழுப்பை உருக்குது, அதுல வர்ற அமிலம் ரத்தத்துல ஏறுது. அந்த வாந்தி அதோட அறிகுறி.

சலைன், இன்சுலின் ட்ரிப், பொட்டாசியம், மணிக்கு ஒரு தடவை சுகர் செக். மூணாம் நாள் காலைல எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டான். இன்னும் ஆறு மணி நேரம் தாமதமா வந்திருந்தா இந்த த்ரெட்டை நான் வேற மாதிரி எழுதியிருப்பேன்.

அம்மா மேல எனக்குக் கோபம் வரல. வந்திருக்கணும், வரல. ஏன்னா அவங்க பையில இருந்த நோட்டைப் பார்த்தேன். ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு கலர் பென்சில். நுரையீரல் 11 புள்ளி, பெருங்குடல் 20, இரைப்பை 45, மண்ணீரல் 21, சிறுநீர்ப்பை 67... பன்னிரண்டு சேனல்ல 309, முதுகு நடுக்கோட்டுல 28, முன் நடுக்கோட்டுல 24, மொத்தம் 361. கூட்டிப் பார்த்தேன், சரியா வந்துச்சு. ஃபர்ஸ்ட் இயர்ல என் அனாட்டமி ரெக்கார்டு இவ்வளவு சுத்தமா இருந்ததில்ல. இதைப் படிக்கிறவங்க முட்டாள்கள்னு நினைக்கிற டாக்டர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதறேன்.

சரி, கேள்விக்கு வர்றேன். இந்த 361 எங்கிருந்து வந்துச்சு?

1973-ல் சீனாவில் மாவாங்துவே என்ற இடத்தில் ஒரு கல்லறையைத் தோண்டினார்கள். கி.மு. 168-ல் மூடப்பட்ட கல்லறை. உள்ளே பட்டுத்துணியில் எழுதிய மருத்துவ நூல்கள். அதில் சேனல்கள் இருக்கு, ஆனா பதினொண்ணுதான். புள்ளிகள் கிடையாது. ஊசியும் கிடையாது, மூலிகையைக் கொளுத்தி சூடு காட்டுற வைத்தியம்தான். அதற்குப் பிறகு வடிவம் பெற்ற 'ஹுவாங்தி நெய்ஜிங்' நூலில் சேனல் பன்னிரண்டு ஆகிறது. அந்த நூலே பன்னிரண்டு சேனல்களை சீனாவின் பன்னிரண்டு ஆறுகளோடு ஜோடி சேர்க்குது. புள்ளிகள் 365-ன்னு சொல்லுது, வருஷத்துக்கு 365 நாள் இல்லையா. மூன்றாம் நூற்றாண்டில் ஹுவாங்ஃபு மீ தொகுத்த நூலில் 349 புள்ளி. 1027-ல் வாங் வெய்யி செய்த வெண்கல மனிதச் சிலையில் 354. 1601-ல் 359. அப்புறம்தான் 361.

அந்த வெண்கலச் சிலை எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். ஆள் உயரச் சிலை, புள்ளி இருக்கிற இடமெல்லாம் துளை. மேல மெழுகு பூசி, உள்ள தண்ணி நிரப்பிடுவாங்களாம். மாணவன் சரியான இடத்துல குத்தினா தண்ணி வரும், தப்பா குத்தினா வராது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே பிராக்டிகல் எக்ஸாம்! எங்க வைவா எக்ஸாமினர்களை விட நேர்மையான எக்ஸாமினர்.

ஆனா கவனிங்க, அந்தச் சிலையில தண்ணி வந்ததுக்குக் காரணம் மனுஷன் போட்ட துளை. மனுஷ உடம்புல அந்தத் துளையையோ குழாயையோ இதுவரை யாரும் காட்டல. ரத்தக்குழாய் தெரியுது, நரம்பு தெரியுது, நிணநீர்க் குழாய் தெரியுது. 1960-களில் வடகொரியாவில் கிம் போங் ஹான் என்பவர் சேனலைக் கண்டுபிடிச்சுட்டேன்னு அறிவிச்சார். சேனல்னு உலகம் ஏத்துக்கிற அளவுக்கு அது நிக்கல.

அடுத்து, புள்ளி வகைகள். அம்மாவின் நோட்டில் ஒரு பக்கம் முழுக்க இதுதான்: மூலப் புள்ளி, இணைப்புப் புள்ளி, முதுகுப் புள்ளி, எச்சரிக்கைப் புள்ளி. இதில் ரொம்ப அழகானது ஐந்து 'ஷு' புள்ளிகள். விரல் நுனியில் கிணறு, அடுத்து ஊற்று, அப்புறம் ஓடை, ஆறு, கடைசியா முழங்கை அல்லது முழங்காலில் கடல். சக்தி கிணற்றில் ஊறி கடல்ல சேருது.

நுரையீரல் சேனலை எடுத்துக்கங்க. கட்டைவிரல் நகத்தோரம் கிணறு, முழங்கை மடிப்பில் கடல். அப்போ ஓட்டம் விரல்ல இருந்து மேல. ஆனா அதே நுரையீரல் சேனல் நெஞ்சுல ஆரம்பிச்சு கட்டைவிரல்ல முடியுதுன்னும் அதே பாடம் சொல்லுது. முதல் புள்ளி நெஞ்சில், பதினொன்றாவது புள்ளி விரலில். அப்போ ஓட்டம் மேல இருந்து கீழ. ஒரே குழாயில தண்ணி எந்தப் பக்கம் போகுது? சம்பிரதாயத்துக்குள்ள இதுக்கு விளக்கங்கள் இருக்கு. எனக்குத் தோணுறது எளிமையானது. வேற வேற காலத்துல, வேற வேற ஆட்கள் கற்பனை செஞ்ச ரெண்டு வரைபடம் ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டியிருக்கு. இது கேவலம் இல்ல, வரலாறு அப்படித்தான் இருக்கும். ஆனா அதை எக்ஸ்ரே மாதிரி நம்பி மருந்தை நிறுத்த முடியாது.

நம்ம ஊருக்கு வந்ததும் இன்னொரு அடுக்கு ஒட்டிக்கிச்சு. சீனர்களின் ஐந்து: மரம், நெருப்பு, மண், உலோகம், நீர். நம்ம பஞ்சபூதம்: நிலம், நீர், நெருப்பு, காற்று, ஆகாயம். மூணு பொருந்துது, ரெண்டு பொருந்தல. இங்க பல வகுப்புகள்ல உலோகத்தைக் காற்றுன்னும் மரத்தை ஆகாயம்னும் மாத்திட்டாங்க. சீனக் கணக்குல மண்ணுல இருந்து உலோகம் பிறக்கும், அதனால அந்த வரிசைக்கு ஒரு பொருள் இருக்கு. மண்ணுல இருந்து காற்று எப்படிப் பிறக்கும்? இதை அந்த அம்மாகிட்ட கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சு, "இதை நான் வகுப்புல கேட்டிருக்கணும்"னாங்க.

இப்போ சர்க்கரைக்கு. பையனுக்கு "மண்ணீரல் சக்தி குறைவு"ன்னு நாடி பார்த்துச் சொல்லி, காலோட உள்விளிம்புல பெருவிரலுக்குப் பின்னாடி ஒரு புள்ளியைத் தொட்டிருக்காங்க. ஊசி கூட இல்ல, விரலால தொடுறது. பன்னிரண்டு சேனல் பட்டியலை மறுபடி பாருங்க. கணையம் அதுல இல்லவே இல்ல! உருவமே இல்லாத 'மூன்று வெப்ப மண்டலம்'னு ஒண்ணுக்கு சேனல் இருக்கு, இன்சுலின் சுரக்கிற கணையத்துக்கு இல்ல. இது அவங்க தப்பு இல்ல, ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி அது யாருக்கும் தெரியாது. 1921-ல் டொரன்டோவில்தான் இன்சுலின் கண்டுபிடிச்சாங்க. 1922 ஜனவரியில் 14 வயசு லியோனார்ட் தாம்சனுக்கு முதல் ஊசி. அதுக்கு முன்னாடி டைப் 1 குழந்தைகள் செத்துப்போனாங்க, சீனாவிலும்தான், எல்லா புள்ளிகளும் இருந்தும்.

அப்போ எல்லாமே சும்மாவா? இல்ல. ஜெர்மனியில் நாள்பட்ட முதுகுவலி உள்ள 1,162 பேரை வச்சு ஒரு ஆய்வு, 2007-ல் வெளியாச்சு. நூலில் சொன்ன புள்ளியில் ஊசி போட்டவங்கள்ல 47.6% பேருக்கு ஆறு மாசத்துல பலன். புள்ளியே இல்லாத இடத்துல மேலோட்டமா ஊசி போட்டவங்கள்ல 44.2%. வழக்கமான மருந்து, பயிற்சி எடுத்தவங்கள்ல 27.4%. ஊசி போட்டவங்களுக்கு வலி குறைஞ்சது நிஜம். புள்ளி எந்த இடம்ங்கிறதுல பெரிய வித்தியாசம் இல்லைங்கிறதும் நிஜம். ஆபரேஷனுக்குப் பிறகு வர்ற குமட்டலுக்கு, மணிக்கட்டுக்கு மேல ரெண்டு தசைநார்களுக்கு நடுவுல இருக்கிற பிசி 6 புள்ளி ஓரளவு உதவுதுன்னு காக்ரேன் தொகுப்பாய்வும் சொல்லுது. என் அம்மாவே முட்டி வலிக்கு அக்குபங்சர் போறாங்க. பிரஷர் மாத்திரையை விடாத வரைக்கும் நான் தடுக்கல.

முதுகுவலி ஆய்வுல இருந்து எங்களுக்கும் ஒரு அடி இருக்கு. அந்த 27.4% எங்க பக்கம். ஓபில ஒரு நோயாளிக்கு நான் குடுக்கிறது ரெண்டு நிமிஷம், சில நாள் அதுவும் இல்ல. ஹீலர் அரை மணி நேரம் கையைப் பிடிச்சு நாடி பார்க்கிறார், தூக்கம் எப்படி, பசி எப்படின்னு கேக்கறார். எட்டு வருஷமா தினம் நாலு தடவை ஊசி குத்திக்கிற பையனோட அம்மாகிட்ட, "இது ஏன் வாழ்நாள் முழுக்க?"ன்னு நாங்க யாரும் உட்கார்ந்து சொல்லல. அவங்க அதைச் சொல்ல ஒருத்தரைத் தேடிப் போனாங்க. கிடைச்சவர் தப்பாச் சொன்னார்.

ஊசி போடறவங்ககிட்ட போறீங்கன்னா ரெண்டு விஷயம் மட்டும். தோள்பட்டை, நெஞ்சு, மேல் முதுகுப் புள்ளிகளுக்குக் கீழ நுரையீரல் இருக்கு. ஊசி ஆழமாப் போனா காத்து வெளிய கசிஞ்சு நுரையீரல் சுருங்கிடும், அதுக்கப்புறம் மூச்சுத் திணறல் வந்தா உடனே ஆஸ்பத்திரி. இன்சுலின், வலிப்பு மாத்திரை, ரத்தம் உறையாம இருக்கக் குடுக்கிற மாத்திரை, இதுல எதையாவது நிறுத்தச் சொன்னா அங்கேயே எழுந்து வந்துடுங்க.

போன வியாழக்கிழமை பையன் செக்கப்புக்கு வந்தான். கரண்ட் அடிக்கடி போகுதுன்னு இன்சுலின் பாட்டிலை ஈர மண்பானைக்குள்ள வைக்கிறாங்களாம். அம்மா மணிக்கட்டைக் காட்டி, "பஸ்ல வாந்தி வராம இருக்க பிசி 6 அமுக்கிட்டே வந்தேன் சார், பரவால்லயா?"ன்னு கேட்டாங்க. தாராளமா அமுக்குங்கம்மான்னேன். பையனோட சுகர் அன்னைக்கு 142.