கண் காணும் தூரமும் கால் ஏறும் தூரமும்

பறவையின் கண்ணன்றி வேறொன்றும் காணேன் எனத் துரோணரிடம் கூறினான் பார்த்தன். அண்மை இலக்குக்கு அஃது அமையும். நெடுந்தொலைவிற் சுடுவோனுக்கு இலக்கின் தூரமும் தெரிதல் வேண்டும். தமிழாசிரியன் துப்பாக்கியைப் பற்றி எழுதுவதேன் என வியப்போர் சற்றுப் பொறுத்தருள்க.

துப்பாக்கியின் மேற் பொருத்தும் தொலைநோக்கி இலக்கை அண்மையிற் காட்டும், அண்மையிற் கொணராது. குண்டு பறக்கும் அரை வினாடிக்குள் புவியீர்ப்பு அதனை ஏறத்தாழ 1.2 மீற்றர் கீழே இழுத்துவிடும். ஆதலின் தூரமறிந்து, அதற்கேற்ப உயர்த்திக் குறிவைத்தல் வேண்டும். தூரமறியும் வழியும் அக்கருவியிலேயே உண்டு. அதனுள் ‘மில்’ என்னும் நுண்கோண அளவுகள் கோடுகளாய்த் தோன்றும். 1,000 மீற்றர்த் தொலைவில் 1 மீற்றர் உயரமுள்ள பொருள் 1 மில் அளவினது. 1.5 மீற்றர்க் கம்பம் 5 மில்லாகத் தோன்றின், அது 300 மீற்றருக்கு அப்பால் நிற்கின்றது. நில அளவையாளரின் தொலைநோக்கியும் இத்தகைய கணக்கினாலேயே தூரம் காணும்.

நிற்க. நமது சபரகமுவ மலைச்சரிவில் வேறொரு நுட்பமும் உண்டு. 30 பாகைச் சரிவில், 200 மீற்றர் மேலேயுள்ள இலக்குக்கு, 200 எனவே கணித்துச் சுட்டால் குண்டு உயர்ந்து செல்லும். கிடைத்தூரமான 173 மீற்றரையே கணக்கிற் கொள்ளல் வேண்டும். நிலவரைபடம் காட்டுவதும் அத்தூரத்தையே.

குண்டுக்கு 173 பொருந்தும். புத்தகப்பையுடன் ஏறும் தோட்டத்துப் பிள்ளைக்குப் பொருந்துமோ? அப்பிள்ளை நடப்பது 200 மீற்றர். அதனுள் 100 மீற்றர் ஏற்றம். இரத்தினபுரியில் நின்று நோக்குவோர்க்குச் சிவனொளிபாதமலை கைக்கெட்டுவது போலத் தோன்றும். அதன் 2,243 மீற்றர் உயரத்தை ஏறியவரின் முழங்காலே அறியும்.

ஆகவே, பாடசாலை அண்மையிலுள்ளது என வரைபடங்கொண்டு முடிவுசெய்வது தகாது என்பதே என் கருத்து. நம் பழைய மாணவருள் பொறியியலாளரும் நில அளவையாளரும் உளர். இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களிற் பிள்ளைகள் நடக்கும் பாதைகளை, ஏற்றத்தோடு அளந்து தருவார்களாயின், அதுவே இவ்விழாவுக்கேற்ற தொண்டாகும்; உடன்செல்லும் மாணவர்க்குத் திரிகோண கணிதமும் தெளிவாகும்.

ஒரு குண்டுக்காக இத்துணைக் கணக்குப் பார்க்கும் உலகம், ஒரு பிள்ளையின் காலுக்காக அதிற் பாதியேனும் பார்த்தலாகாதா?