சுருதி சேர்த்ததற்கே கைதட்டல்!

1971 ஆகஸ்ட் 1, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கம் நிரம்பி வழிந்தது. ஜார்ஜ் ஹாரிசனையும் அவருடைய நண்பர்களையும் பார்க்கத்தான் அத்தனை கூட்டம். பீட்டில்ஸ் குழு உடைந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது.

ஆனால், மேடையில் முதலில் வந்து அமர்ந்தவர்கள் நான்கு இந்தியர்கள். சிதாருடன் ரவிசங்கர், சரோத்துடன் அலி அக்பர் கான், தபலாவுடன் அல்லா ரக்கா, தம்புராவுடன் கமலா சக்ரவர்த்தி. வாசித்து முடிக்கும்வரை புகைபிடிக்க வேண்டாம் என்று ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார் ரவிசங்கர். பிறகு நால்வரும் சுருதி சேர்க்க ஆரம்பித்தார்கள். ஓரிரு நிமிடம் இருக்கும். சரிபார்த்து நிறுத்தியதும், அரங்கமே கைதட்டி ஆர்ப்பரித்தது!

ரவிசங்கர் கோபப்படவில்லை. நன்றி சொல்லிவிட்டு, சுருதி சேர்த்ததையே இவ்வளவு ரசித்தவர்கள் கச்சேரியை இன்னும் அதிகமாக ரசிப்பார்கள் என நம்புவதாகச் சிரித்தபடி சொன்னார். இன்றுவரை இசை ரசிகர்கள் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும் சம்பவம் இது. ஆனால், அந்த நாளின் முழுக் கதை சிரிப்போடு முடியவில்லை.

அது 'பங்களாதேஷுக்கான இசை நிகழ்ச்சி'. அன்று பங்களாதேஷ் என்ற நாடு உலக வரைபடத்திலேயே இல்லை. கிழக்குப் பாகிஸ்தான்தான் இருந்தது. 1970 நவம்பரில் வீசிய போலா புயல் அங்கே லட்சக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோனது. அந்தத் துயரம் ஆறுவதற்குள், 1971 மார்ச் 25 இரவு பாகிஸ்தான் ராணுவம் சொந்த மக்கள் மீதே பாய்ந்தது. உயிர் தப்பினால் போதும் என்று மக்கள் எல்லை தாண்டி இந்தியாவுக்குள் ஓடிவந்தார்கள். ஆண்டு முடிவதற்குள் அகதிகள் எண்ணிக்கை சுமார் ஒரு கோடியைத் தொட்டது. முகாம்களில் பசியும் காலராவும் சேர்ந்துகொண்டன.

ரவிசங்கர் வங்காளி. அலி அக்பர் கான் பிறந்த மண்ணே கிழக்கு வங்காளம்தான். செய்திகளைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை ரவிசங்கருக்கு. ஒரு கச்சேரி செய்து 25,000 டாலர் திரட்டி அனுப்பலாம் என்பதுதான் அவருடைய எண்ணம். அப்போது லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த ஹாரிசனிடம் இதைப் பற்றிப் பேசினார். ஹாரிசன் அவரிடம் சிதார் கற்ற மாணவர். குரு மனம் நொந்து நிற்பதைப் பார்த்த மாணவர், இதை இன்னும் பெரிதாகவே செய்யலாம் என்று தொலைபேசியைக் கையில் எடுத்தார்.

அடுத்த சில வாரங்களில் அவர் செய்ததுதான் ராக் இசை வரலாற்றில் ஒரு திருப்பம். பீட்டில்ஸ் தோழர் ரிங்கோ ஸ்டார் வரச் சம்மதித்தார். லியோன் ரஸ்ஸல், பில்லி பிரெஸ்டன் வந்தார்கள். போதைப் பழக்கத்தில் சிக்கித் தவித்துக்கொண்டிருந்த எரிக் கிளாப்டனும் கிடாரோடு வந்து நின்றார். யாருக்கும் சம்பளம் கிடையாது.

பாப் டிலன் வருவாரா என்பது மட்டும் கடைசிவரை சந்தேகம். 1966-ல் நடந்த மோட்டார் சைக்கிள் விபத்துக்குப் பிறகு அவர் மேடை ஏறுவதே அபூர்வமாகிவிட்டது. முந்தைய நாள் அரங்கத்தைப் பார்த்ததும் அவருக்குத் தயக்கம் வந்துவிட்டது. ஹாரிசன் தன் கிடாரில் ஒட்டிவைத்திருந்த பாடல் பட்டியலில் டிலன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். அந்த இடம் வந்தபோது திரும்பிப் பார்த்தால், டிலன் கிடாரோடு மேடையை நோக்கி வந்துகொண்டிருந்தார்!

ஹாரிசனுக்கும் அன்று பரீட்சைதான். பீட்டில்ஸில் ஜான் லெனனுக்கும் பால் மெக்கார்ட்னிக்கும் பின்னால் அமைதியாக நின்று வாசித்துப் பழகியவர் அவர். இவ்வளவு பெரிய கூட்டத்துக்கு முன்னால், நிகழ்ச்சியின் முழுப் பொறுப்பையும் தன் தலையில் சுமந்து நின்றது அதுதான் முதல் தடவை.

மதியம் ஒன்று, இரவு ஒன்று என ஒரே நாளில் இரண்டு நிகழ்ச்சிகள். மொத்தம் சுமார் 40,000 பேர் பார்த்தார்கள். டிக்கெட் வசூல் 2,43,418 டாலர் 50 சென்ட். ரவிசங்கர் மனதில் வைத்திருந்த தொகையைப் போலக் கிட்டத்தட்ட பத்து மடங்கு! அந்தப் பணம் உடனடியாக ஐ.நா.வின் குழந்தைகள் நிதியமான யுனிசெஃப்புக்குப் போய்ச் சேர்ந்தது. அதைவிடப் பெரிய லாபம், உலகத்தின் பாதிப் பேருக்குத் தெரியாத 'பங்களாதேஷ்' என்ற பெயர் ஒரே இரவில் வீடு வீடாகப் போனது.

அந்த ஆண்டு டிசம்பர் 16-ல் பங்களாதேஷ் விடுதலை அடைந்தது. நான்கே நாள் கழித்து, நிகழ்ச்சியின் பதிவு மூன்று இசைத்தட்டுகள் கொண்ட தொகுப்பாக அமெரிக்காவில் வெளியானது. 1973-ல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருது அதற்குத்தான். திரைப்படமும் வந்தது. டிக்கெட் வசூலைப் போலப் பல மடங்கு பணம் இவற்றில் குவிந்தது.

சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது.

நிகழ்ச்சியை அவசர அவசரமாக ஏற்பாடு செய்தவர்கள், யுனிசெஃப்போடு சேர்ந்து நடத்தும் அறப்பணி இது என்று முறைப்படி முன்கூட்டியே பதிவு செய்யவில்லை. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அதை யோசிக்க அன்று யாருக்கும் நேரம் இல்லை. ஆனால், அமெரிக்க வருமான வரித்துறைக்கு நல்ல எண்ணம் கணக்கில்லை, காகிதம்தான் கணக்கு. இசைத்தட்டு, திரைப்பட வருமானத்தின் பெரும்பகுதி வரி வழக்கில் மாட்டிக்கொண்டது. பிரிட்டனிலும் வரிவிலக்கு கிடைக்கவில்லை. அதற்காக ஹாரிசன் தன் சொந்தப் பணத்திலிருந்து 10 லட்சம் பவுண்டுக்குக் காசோலை எழுதிக் கொடுத்தார்.

அமெரிக்காவில் முடங்கிய பணம் விடுபட ஏறக்குறைய பத்து வருடங்கள் ஆயின. 1985 வாக்கில், பங்களாதேஷுக்குப் போய்ச் சேர்ந்த தொகை சுமார் 1.2 கோடி டாலர் என்று கணக்கிடப்பட்டது.

அதே 1985-ல் எத்தியோப்பியப் பஞ்சத்துக்காக 'லைவ் எய்ட்' நடந்தபோது, பணத்தைப் பெற்றுக்கொள்ள ஓர் அறக்கட்டளையை முன்னதாகவே தயாராக வைத்திருந்தார்கள். ஹாரிசன் பட்ட கஷ்டம் அடுத்து வந்தவர்களுக்குப் பாடமாகக் கண்முன்னே இருந்தது. இன்று புயல், வெள்ளம், பூகம்பம் என்றால் பாடகர்கள் ஒன்றுகூடிப் பாடுவது சாதாரணமாகிவிட்டது. அந்தப் பாதையைப் போட்டுக்கொடுத்தது 1971-ன் அந்த ஞாயிற்றுக்கிழமைதான்.

மறுபடி அந்தக் கைதட்டலுக்கு வருவோம். நம் சபாக்களில் சுருதி சேர்க்கும்போது யாரும் கைதட்டுவதில்லை. அது கச்சேரி அல்ல, கச்சேரிக்கான ஏற்பாடு என்று நமக்குத் தெரியும். ஆனால், அந்த ஏற்பாடு இல்லாவிட்டால் எப்பேர்ப்பட்ட வித்வானின் வாசிப்பும் பிசகிவிடும். உதவி செய்வதும் அப்படித்தான். மனசு ஓடிவந்து நிற்பது அருமையான விஷயம். கூடவே ரசீதும் கணக்கும் பதிவும் சரியாக இருந்தால்தான் அது உரியவர் கைக்கு உரிய நேரத்தில் போகும். அன்று மேடையில் தந்திகளுக்குச் சுருதி சேர்த்துவிட்டார்கள். கணக்குக்குச் சேர்க்கத்தான் மறந்துவிட்டார்கள்.

அந்த இசைத்தட்டின் அட்டையில் ஒரு படம் உண்டு. எலும்பும் தோலுமாக ஒரு குழந்தை. அதன் முன்னால் காலியான ஒரு பாத்திரம். முடங்கிக் கிடந்த பணம் விடுபட்டு வந்தபோது, அந்த வயதுக் குழந்தைகளில் பிழைத்தவர்கள் பள்ளிப் படிப்பை முடிக்கும் வயதை நெருங்கியிருப்பார்கள். பாட்டுக்கு அடுத்த நிகழ்ச்சிவரை காத்திருக்கத் தெரியும், பசிக்குத் தெரியாது.