திம்பம் மலைக்குப் போகிறீர்களா? பொழுது சாயும் முன் இறங்குங்கள்!

விடுமுறை வந்துவிட்டால் கோவைக்காரர்களின் மனம் மலையைத் தேடும். ஊட்டிக்குப் போவார்கள், வால்பாறைக்குப் போவார்கள். இப்போது பல குடும்பங்கள் காரை எடுத்துக்கொண்டு திம்பம் மலைக்கும் புறப்படுகின்றன.

போகட்டும். பார்க்க வேண்டிய மலைதான். ஆனால், எங்கே போகிறோம் என்று தெரிந்து போக வேண்டும். எப்போது திரும்புவது என்று முடிவு செய்துவிட்டுப் போக வேண்டும்.

வறண்ட மலை

ஊட்டியைப் போலக் குளிர்ந்த, பசுமையான மலை அல்ல இது. பண்ணாரியைத் தாண்டினால் முள் மரங்கள். வேல மரம், உசிலை மரம். கோடையில் இலை உதிர்ந்து, காடே பழுப்பு நிறமாக நிற்கும்.

ஏன் இப்படி? தென்மேற்குப் பருவக்காற்று அரபிக் கடலிலிருந்து மேகத்தைக் கொண்டுவருகிறது. உயர்ந்த மலைகள் குறுக்கே நிற்கின்றன. மேகம் அங்கேயே மழையைக் கொட்டிவிடுகிறது. மலைக்கு இந்தப் பக்கம் வருவது மிச்சம் மீதிதான். கோவை மாவட்டத்தில் வால்பாறை அருகே இருக்கும் சின்னக்கல்லாறில் ஆண்டுக்கு 3,000 மில்லி மீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. கோவை நகரிலோ சுமார் 700 மில்லி மீட்டர்தான்!

வடக்கே லடாக் மலைநாடு பாலைவனமாகக் கிடப்பதற்கும் இதுவே காரணம். அங்கே மழையைத் தடுப்பது இமயமலை.

27 வளைவுகள்

கோவையிலிருந்து அன்னூர், புளியம்பட்டி வழியாகச் சத்தியமங்கலம் சுமார் 70 கிலோ மீட்டர். அங்கே பவானி ஆற்றைக் கடந்தால் பண்ணாரி. அம்மன் கோவிலைத் தாண்டியதும் மலைப்பாதை தொடங்கும். மொத்தம் 27 கொண்டை ஊசி வளைவுகள். மேலே திம்பம். அதற்கு அப்பால் ஆசனூர். பாதை அப்படியே கர்நாடகத்துக்குள் சாம்ராஜ்நகருக்குப் போகிறது.

ஒரு காலத்தில் இந்தக் காட்டின் பெயரைச் சொன்னாலே வீரப்பன் நினைவு வரும். மக்கள் அஞ்சினார்கள். 2004-ம் ஆண்டில் வீரப்பன் கொல்லப்பட்டதோடு அந்தப் பயம் போயிற்று. பயம் போனதும் வண்டிகள் பெருகின. இப்போது அஞ்ச வேண்டியவை காட்டு விலங்குகள்தான், நம்மைக் கண்டு!

யாருடைய பாதை?

இந்தக் காடு 2013-ம் ஆண்டில் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு 1,400 சதுர கிலோ மீட்டருக்கு மேல். புலி, சிறுத்தை, யானை, காட்டெருமை, மான் எல்லாம் உண்டு. தண்ணீரைத் தேடி இரவில் அவை சாலையைக் கடக்கின்றன. வேகமாக வந்த வண்டிகளில் அடிபட்டுப் பல உயிர்கள் மாண்டன.

ஆகவே, இரவுப் போக்குவரத்தை நிறுத்தும்படி ஈரோடு மாவட்ட நிர்வாகம் 2019-ம் ஆண்டில் உத்தரவிட்டது. சென்னை உயர்நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 2022 பிப்ரவரி 10-ந் தேதி அது நடைமுறைக்கு வந்தது. லாரிகளுக்கு மாலை 6 மணி முதல் காலை 6 மணி வரை தடை. கார் போன்ற சிறு வண்டிகளுக்கு இரவு 9 மணி முதல் தடை.

தாளவாடி மலை மக்கள் இதை எதிர்த்தார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் உண்டு. காய்கறியைச் சந்தைக்குக் கொண்டுவர வேண்டும். மாவட்டத் தலைநகருக்குப் போக வேண்டும். அவர்களுக்கு இதுதான் வழி. பிறகு உள்ளூர் மக்களுக்குச் சில தளர்வுகள் கிடைத்தன.

விலங்குக்கு அது வீடு. மலை மக்களுக்கு அது வாழ்வு. நமக்கோ ஒரு நாள் பொழுதுபோக்கு! ஆகவே, விட்டுக்கொடுக்க வேண்டியவர்கள் நாம்தான்.

எப்படிப் போவது?

காலை 6 மணிக்குக் கோவையை விட்டுப் புறப்படுங்கள். பண்ணாரி குண்டம் திருவிழா நாட்களில் கூட்டம் நெரியும். அந்த நாட்களைத் தவிர்ப்பது நல்லது. சத்தியமங்கலத்திலேயே பெட்ரோல் போடுங்கள். டயர், ஸ்டெப்னி, பிரேக் மூன்றையும் முதல் நாளே பாருங்கள். தடை நேரத்தையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகளுக்கு வளைவில் தலை சுற்றும். வயிறு முட்டக் கொடுக்காதீர்கள். தண்ணீரும் கட்டுச்சோறும் கையில் இருக்கட்டும். வழியில் லாரி பழுதாகி நின்றால் மணிக்கணக்கில் காத்திருக்க நேரும்.

குறுகலான இடத்தில், ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுங்கள், அதுதான் சட்டம். இறங்கும்போது சிறிய கியரில் இறங்குங்கள். பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிக் கைவிட்டுவிடும்.

காட்டுக்குள் வண்டியை நிறுத்தாதீர்கள். கரும்பு லாரிகளை எதிர்பார்த்து யானைகள் சாலையோரம் நிற்பது உண்டு. லாரியிலிருந்து கரும்பு கிடைத்துப் பழகிவிட்டது! யானையைக் கண்டால் தூரத்திலேயே நின்றுவிடுங்கள். ஹாரன் அடிக்காதீர்கள். இறங்கிப் படம் எடுக்காதீர்கள். குரங்குக்குக் கூடத் தின்பண்டம் வீசாதீர்கள். பிளாஸ்டிக் பையை வீசினால் மானும் யானையும் அதைத் தின்று நோயில் விழும்.

பிற்பகல் 3 மணிக்கே ஆசனூரை விட்டுக் கிளம்பினால், வெளிச்சத்திலேயே பண்ணாரிக்கு வந்துவிடலாம். சட்டம் காருக்கு 9 மணி வரை இடம் கொடுக்கிறதே என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். இருட்டில் வளைவும் தெரியாது. வளைவில் நிற்கும் யானையும் தெரியாது.

பகல் நமக்கு, இரவு காட்டுக்கு. இந்த ஒரு கணக்கைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கூட்டிப் போங்கள். அவர்கள் பெரியவர்களாகித் தங்கள் பிள்ளைகளோடு வரும்போதும், திம்பத்தில் யானை இருக்கும்.