விதை அட்டையில் உறக்க நாளும் வேண்டும்

காவிரி டெல்டாவில் குறுவை அறுவடை புரட்டாசி, ஐப்பசியில் வருகிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதும் ஐப்பசியில்தான். 2025 அக்டோபர் மழையில், கொள்முதல் நிலையங்களில் குவித்திருந்த குறுவை நெல் நனைந்து முளைத்ததை விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். மழையைக் குறை சொன்னார்கள். கொள்முதல் தாமதத்தையும் குறை சொன்னார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனால் ஒரே மழையில் நனைந்தாலும் ஒரு ரகம் உடனே முளைக்கிறது, இன்னொன்று தாக்குப்பிடிக்கிறது. இதையும் கவனிக்க வேண்டும்.

மணி முற்றும்போது அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் முளைக்கருவை உறங்க வைக்கிறது. இது பூட்டு. ஜிப்ரலின் என்ற ஹார்மோன் சாவி. 1926ல் ஜப்பானில் குரோசாவா என்பவர், நெல் நாற்றை அளவுக்கு மீறி நீளச் செய்யும் பூஞ்சாண நோயை ஆராய்ந்ததே இதன் கண்டுபிடிப்புக்கு வழிவகுத்தது. ஈரம் பட்டதும் முளைக்கருவில் உண்டாகும் ஜிப்ரலின், தவிட்டுப் படலத்தைத் தூண்டுகிறது. அங்கு சுரக்கும் நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகிறது. முளைகட்டிய கேழ்வரகு இனிப்பதும், முளைத்த நெல் அரவையில் நொய்யாவதும் இதனால்தான்.

பூட்டு வலுவாக உள்ள ரகம் நனைந்தாலும் சில வாரங்கள் எளிதில் முளைக்காது. உலர்த்திச் சேமித்தால் உறக்கம் தானாகத் தெளியும்.

சான்று விதை அட்டையில் முளைப்புத்திறன் இருக்கிறது. நெல்லுக்குக் குறைந்தது 80 சதவீதம் வேண்டும். உறக்க நாள் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. குறுவைக்குச் சிபாரிசு செய்யும் ஒவ்வொரு ரகத்துக்கும் வயது, மகசூலுடன் உறக்க நாளையும் அச்சிட வேண்டும். உறக்கம் நீண்டால் அறுத்த நெல்லையே அடுத்த பட்டத்துக்கு விதைக்க முடியாது என்பது உண்மையே. ஆனால் இரண்டு, மூன்று வார உறக்கம் அதற்குப் பெரிய தடையாகாது. களத்திலும் கொள்முதல் வரிசையிலும் நெல்லைக் காக்கும்.

அதுவரை விவசாயிகளே சோதித்துக்கொள்ளலாம். அறுவடைக்குச் சற்று முன், முற்றிய கதிர்களிலிருந்து 100 மணிகளை எடுத்து ஈரச் சாக்கில் சுற்றி, ஈரம் காயாமல் வைத்து, ஏழாம் நாள் எண்ணிப் பார்க்கவும். பெரும்பாலானவை முளைத்திருந்தால் அந்த ரகத்துக்கு உறக்கம் இல்லை. மழை அறிகுறி தெரிந்தால் அந்த வயலையே முதலில் அறுத்து, முதலில் உலர்த்த வேண்டும். முளைக்காவிட்டால் விதை செத்துவிட்டதென்று முடிவு கட்ட வேண்டாம், உறக்கமாக இருக்கலாம். உலர்த்தி வைத்து, சில வாரம் கழித்து மீண்டும் சோதிக்கலாம்.

விதை வாங்கும்போது மகசூல் எத்தனை மூட்டை என்று கேட்கும் விவசாயி, உறக்கம் எத்தனை நாள் என்றும் கேட்கத் தொடங்கட்டும். கேட்பவர் பெருகினால் அட்டையிலும் அது வந்து சேரும்.