பன்றிக்குக் கட்டும் துவக்கும் வன்னி விவசாயிக்கு எட்டாத அனுமதியும்

காலபோக நெல் குடலைப் பருவத்தை எட்டியதும் வன்னியில் இரவுக் காவல் தொடங்கிவிடும். ஒட்டுசுட்டான், துணுக்காய், மாந்தை கிழக்கு, நெடுங்கேணி என எந்தக் காட்டோரக் கிராமத்துக்குப் போனாலும் இதுதான் நிலை. பன்றிக் கூட்டம் ஓரிரவு இறங்கினால் கச்சானும் மரவள்ளியும் கிளறி எறியப்பட்டுக் கிடக்கும். யானை வந்தால் வேலியும் தென்னையும் சேர்ந்தே போகும். கொட்டிலில் காவல் இருப்பவரின் கையில் இருப்பவை ரோர்ச் லைட்டும் தகரமும் நாலைந்து யானை வெடியும்தான். போருக்குப் பின் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் பல. அங்கே அந்தக் காவலும் அவர்களின் தலையில்தான்.

சட்டம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டத்தின்படி, பயிர்ப் பாதுகாப்புக்காக சொட்கன் வைத்திருக்க விவசாயி ஒருவர் அனுமதி கோரலாம். கிராம அலுவலர், பிரதேச செயலகம், பொலிஸ் ஆகிய படிகளைத் தாண்டி விண்ணப்பம் மாவட்டச் செயலகத்துக்குப் போகும். பாதுகாப்பு அமைச்சின் கண்ணும் அதன்மீது இருக்கும். கிடைத்த அனுமதியை ஆண்டுதோறும் டிசம்பர் 31க்குள் புதுப்பிக்க வேண்டும். காட்டுப்பன்றியும் பாதுகாக்கப்பட்ட விலங்கு அல்ல. காகிதத்தில் பார்த்தால் வழி திறந்தே இருக்கிறது.

வன்னியில் அந்த வழி மூன்று இடங்களில் அடைபடுகிறது.

முதலாவது காணி. பயிரைக் காக்கத் துவக்குக் கேட்பவர் முதலில் பயிர் தன்னுடையது என்று காட்ட வேண்டும். 2008, 2009 இடப்பெயர்வில் காணி உத்தரவுப்பத்திரத்தைத் தொலைத்த குடும்பங்கள் ஏராளம். ஆட்கள் இல்லாத காலத்தில் பற்றை மூடிய வயல்களை வனவளத் திணைக்களம் காடென்று எல்லையிட்ட இடங்களும் உண்டு. அங்கே சொந்த நிலத்தில் விதைப்பவரே அத்துமீறியவராகி நிற்கிறார். அவர் எந்தத் தாளைக் கொண்டுபோய்த் துவக்குக் கேட்பது?

இரண்டாவது பொலிஸ் அறிக்கை. விண்ணப்பிப்பவர் நம்பத்தக்கவரா என்பதை அந்த அறிக்கையே சொல்லும். போருக்குப் பின் ஏறத்தாழ 12,000 பேர் புனர்வாழ்வு பெற்று விடுவிக்கப்பட்டதாக அரசே சொன்னது. அவர்களில் கணிசமானோர் இன்று வன்னியில் தோட்டம் செய்கிறார்கள். 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டம் தலைக்கு மேல் தொங்கும்போது, தனக்குத் துவக்கு வேண்டும் என்று பொலிஸ் நிலையத்தில் போய்ச் சொல்ல யார் துணிவார்?

மூன்றாவது பழைய கணக்கு. போருக்கு முன் வன்னியில் அனுமதியுள்ள துவக்குகள் இருந்தன. எண்பதுகளில் இயக்கங்கள் அவற்றைச் சேகரித்தன. அதோடு பரம்பரையாக வந்த அனுமதிகள் அறுந்துபோயின. இதே காலத்தில் மணலாற்றுப் பக்கக் குடியேற்றங்களில் ஊர்காவற் படைக்கு அரசு சொட்கன் கொடுத்தது. கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்கள் 1984இல் விரட்டப்பட்டவர்கள். கால்நூற்றாண்டுக்கு மேல் கழித்துத் திரும்பியவர்களுக்கு இந்த வேறுபாடு மறக்கக்கூடியதல்ல. வெலிஓயா விவசாயியின் வயலையும் பன்றியும் யானையும் விட்டுவைப்பதில்லை என்பதும் உண்மைதான். பயிர் இழப்பு இருவருக்கும் பொது. அரசின் நம்பிக்கை இருவருக்கும் பொதுவாக இருக்கவில்லை.

சட்டப்படியான துவக்கு கிடைக்காததால் பன்றி வராமல் நிற்கப்போவதில்லை. இடைவெளியை இடியன் துவக்கும் கட்டுத்துவக்கும் நிரப்புகின்றன. தண்ணீர்க் குழாயில் செய்து, தடத்துக்குக் குறுக்கே கம்பி இழுத்துக் கட்டிவிட்டுப் போனால், ஆள் இல்லாமலே அது வெடிக்கும். பன்றியின் உயரத்துக்குக் கட்டுவதால் மனிதர் தட்டுப்பட்டால் முழங்காலிலும் தொடையிலும் பாயும். விறகுக்கும் தேனுக்கும் மாடு தேடியும் காட்டுக்குப் போகிறவர்களே பெரும்பாலும் அகப்படுகிறார்கள். மிதிவெடியில் கால் இழந்தோர் வாழும் மண்ணில், போர் முடிந்த பிறகும் காலைப் பறிக்கும் இன்னொரு பொறி இது. காயப்பட்டவரும் வழக்குக்குப் பயந்து உண்மையைச் சொல்லத் தயங்குவார். கட்டியவர் பக்கத்து வளவுக்காரராகவும் இருக்கலாம்.

இதோடு களவாக இழுக்கும் மின்கம்பியும், இரைக்குள் வைக்கும் பன்றிவெடியும் சேர்கின்றன. 'ஹக்கபட்டாஸ்' எனச் சிங்களத்தில் அழைக்கப்படும் அந்த வெடி, வாய் சிதைந்து பட்டினியால் சாகும் யானைகளுக்கு முக்கிய காரணம். 2024இல் நாடு முழுவதும் 388 யானைகளும், யானை தாக்கி 155 மனிதரும் இறந்தனர்.

வெளிநாடுகளில் இந்த விவாதம் வேறொரு கட்டத்தில் நிற்கிறது. நம்மவர் பலர் வாழும் நோர்வேயில் வேட்டைத் துப்பாக்கிக்கு சைலன்சர் பூட்டுவது சட்டப்படி வழமையானது. வேட்டைக்காரரின் செவியைக் காப்பது அதற்குச் சொல்லும் காரணம். அமெரிக்காவில் சைலன்சருக்கு 1934இல் விதித்த 200 டொலர் வரி, 2026 ஜனவரியிலிருந்து பூச்சியமாக்கப்பட்டது. நமக்குத் தேவை சைலன்சர் அல்ல; வயலில் சத்தமே பாதிக் காவல். கவனிக்க வேண்டியது நோர்வேயின் ஒழுங்கு. அங்கே வேட்டைக்குப் போக விரும்புபவர் முதலில் பயிற்சி பெற்றுப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். துவக்கு யாரிடம் இருக்கிறது, அவருக்கு அதைக் கையாளத் தெரியுமா என்பது அரசுக்குத் தெரியும். வன்னிக் காட்டிலும் துவக்கு இருக்கிறது. எங்கே கட்டியிருக்கிறது என்பது கட்டியவருக்கு மட்டும்தான் தெரியும்.

அரசு அவ்வப்போது எடுக்கும் நடவடிக்கைகள் இந்த முடிச்சைத் தொடவில்லை. 2020 பெப்ரவரியில் சட்டவிரோத ஆயுதங்களை ஒப்படைக்க ஒரு வாரப் பொதுமன்னிப்பு வந்தது. இடியனைக் கொடுத்துவிட்டு வரும் விவசாயிக்குப் பதிலாக என்ன கிடைக்கும் என்பதற்கு அதில் விடை இல்லை. 2024 நவம்பரில் தற்காப்புக்கென வழங்கிய துப்பாக்கிகளைப் பாதுகாப்பு அமைச்சு திரும்பக் கோரியது. அது வசதியுள்ளோரின் விவகாரம். 2025 மார்ச் 15 காலை ஐந்து நிமிடம் குரங்கும் மயிலும் எண்ணப்பட்டன. எண்ணிய பிறகும் காவல் கொட்டில் மாறவில்லை.

வன்னிக்குள் துவக்குப் பெருகுவதை இங்கே எவரும் விரும்பமாட்டார்கள். இரவில் ஒரு வெடிச் சத்தம் கேட்டால் திடுக்கிட்டு எழும் பிள்ளைகளும் தாய்மாரும் இன்னும் இருக்கிறார்கள். அதனால் யானை வேலியைப் போட்டுவிட்டுக் கைவிடாமல் பராமரிப்பது முதல் வேலை. அதற்கு மேலும் துவக்கு தேவைப்படும் இடங்களில், வீட்டுக்கு ஒன்றாக அல்லாமல் கமக்கார அமைப்பின் பொறுப்பில் பயிற்சி பெற்ற ஓரிருவருக்கு அனுமதி வழங்கலாம். விண்ணப்பத்துக்குக் கால எல்லையும், மறுத்தால் எழுத்தில் காரணமும் வேண்டும். புனர்வாழ்வு பெற்றவர் என்பதே மறுப்புக்குக் காரணமாகக் கூடாது.

இதற்கு முதற்படியை நாமே எடுத்து வைக்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டச் செயலகங்களுக்குப் பயிர்ப் பாதுகாப்புத் துவக்குக் கேட்டு எத்தனை விண்ணப்பம் வந்தது, எத்தனைக்கு அனுமதி கிடைத்தது, பிரதேச செயலகப் பிரிவு வாரியாக எத்தனை மறுக்கப்பட்டது என்று கமக்கார அமைப்புகள் கேட்கட்டும். அந்த எண்கள் மேசைக்கு வந்தால், கட்டுத்துவக்கு எங்கிருந்து வருகிறது என்பதைக் காட்டுக்குள் போய்த் தேட வேண்டியிராது.