சுவரில் நம்பர் இருந்தால் போதுமா?

பத்தாவது, பிளஸ் 2 ரிசல்ட் வரும் மாதம் வந்தாலே வயிற்றில் புளியைக் கரைக்கிறது. மார்க் குறைந்துவிட்டதென்று பிள்ளைகள் விபரீத முடிவெடுத்த செய்தியைப் படிக்காத வருஷம் உண்டா?

முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை 2017ல் தமிழக அரசு நிறுத்தியது நல்ல காரியம். மாணவர்கள் போனில் ஆலோசனை கேட்க 2018ல் 14417 வந்தது. மனக்கஷ்டத்தைச் சொல்ல 2022ல் மத்திய அரசின் 'டெலி மானஸ்' 14416ம் வந்தது. இவற்றை நான் குறை சொல்லவில்லை.

ஆனால், எங்கள் பிள்ளையார்பாளையம் பக்கம் நெசவாளர் வீடுகளை வந்து பாருங்கள். பாதி வீட்டைத் தறியே அடைத்துக்கொள்ளும். மிச்ச இடத்தில்தான் சமையல், படிப்பு, படுக்கை எல்லாம். இருப்பது அப்பாவின் செல்போன். 'பஸ்சுல ஒருத்தன் தொல்லை பண்றான்' என்று ஒரு 14 வயசுப் பெண் எந்த மூலையில் நின்று, யார் காதிலும் விழாமல் பேசுவாள்?

கிளாஸ் டீச்சரிடம் சொல்லலாமே என்பீர்கள். பாடத்தை முடிக்கவே அவர்களுக்கு நேரமில்லை. தவிர, மார்க் போடுகிறவரிடம் மனசைத் திறக்கப் பிள்ளைகளுக்குப் பயம் இருக்காதா?

பள்ளிக்கே வந்து போகிற, தெரிந்த முகமாக ஒரு மனநல ஆலோசகர் வேண்டும். பள்ளிக்கு ஒருவர் என்றால் செலவு என்பார்கள். நாலைந்து பள்ளிக்குச் சேர்த்தாவது ஒருவரைப் போடட்டும். வாரத்தில் இன்ன கிழமை, இன்ன அறை என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். வருஷத்துக்கு ஒருநாள் ஹாலில் உட்கார வைத்து லெக்சர் அடிப்பதில் பிரயோஜனமில்லை. பிள்ளை சொன்னது ஸ்டாப் ரூமில் வம்புப் பேச்சாகவும் ஆகக் கூடாது. ஆபத்து என்றால் மட்டும் உரியவர்களுக்குச் சொன்னால் போதும்.

தாய்மார்களே, நாமும் 'என் பிள்ளைக்கு என்ன பைத்தியமா?' என்று சண்டைக்குப் போகாமல் இருக்க வேண்டும். பாவில் ஒரு இழை அறுந்தால் உடனே முடி போட்டுவிட்டுத்தானே மேலே நெய்கிறோம்? பிள்ளை மனசுக்கு மட்டும் 'அப்புறம் பார்க்கலாம்' என்றால் எப்படி?

அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் பாதிப் பேர் பெண்கள்தான். 2009 கல்வி உரிமைச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. அடுத்த கூட்டத்தில் குடிநீர், கழிவறையோடு இதையும் கேட்டுத் தீர்மானம் போடுங்களேன். அம்மாக்கள் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்?

- ஒரு வாசகி, பெரிய காஞ்சிபுரம்.